அப்பாவின் உடம்பில் ஏழு மாதமாக அடங்காத தடிப்பு: எங்கிருந்து தேடுவது?

வானம்பாடி:

அப்பாவுக்கு 76 வயது. ஏழு மாதமாக உடம்பெல்லாம் அரிப்பு. முதலில் வயிற்றிலும் தொடையின் உட்பக்கத்திலும் லேசாகத் தடித்தது. பிறகு கை, முதுகு, கால் என்று பரவிவிட்டது. பகலில் யாராவது பேச்சுக் கொடுத்தால் பொறுத்துக்கொள்கிறார். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் விடியும்வரை சொறிவதுதான் வேலை. பக்கத்து அறையில் படுத்திருக்கும் எனக்கு அந்தப் பறட் பறட் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த இரவுகள் உண்டு.

மூன்று மருத்துவர்களைப் பார்த்தாயிற்று. முதலாமவர் அலர்ஜி என்று செட்டிரிசின் கொடுத்தார். இரண்டாமவர் படர்தாமரை என்று பூஞ்சை மருந்து எழுதினார். மூன்றாமவர் ஒரு களிம்பு கொடுத்தார். தடவினால் நான்கைந்து நாளில் அடங்கும், விட்டால் அடுத்த வாரமே பழைய கதைதான். ரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் என்கிற வெள்ளணு மட்டும் கொஞ்சம் கூடுதல். சர்க்கரையும் பி.பி.யும் உண்டு, இரண்டும் கட்டுக்குள் இருக்கின்றன. காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை.

"வயதானால் தோல் இப்படித்தான், காரணம் தேடாதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என்னால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இந்த மாதிரி அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், எங்கிருந்து தேடத் தொடங்குவது?

வார்டு சிஸ்டர்:

32 வருடம் செவிலியாக இருந்தேன், அதில் பாதி தோல் நோய் வார்டில். மருத்துவர் இல்லை, ஆனால் இப்படி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வயதானால் தோல் வறண்டு அரிப்பு வரும் என்பது உண்மைதான். ஆனால் ஏழு மாதமாகத் தூக்கத்தைக் கெடுக்கிற தடிப்புக்கு வயதை மட்டும் காரணமாகச் சொல்லி முடித்துவிடக் கூடாது. பெரும்பாலும் காரணம் இல்லாமல் இல்லை. வரிசையாகப் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் சில விஷயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருக்கிறதா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, பிறப்புறுப்பு, இங்கெல்லாம் சின்னக் கோடுகளோ கொப்புளங்களோ தெரிகின்றனவா? வாய்க்குள் புண் உண்டா? ஒரு வருடத்துக்குள் புதிதாகச் சேர்ந்த மாத்திரை, தைலம், தலைச்சாயம், சோப்பு எல்லாவற்றையும் எழுதுங்கள். முதுகை நல்ல வெளிச்சத்தில் முழுசாகப் பாருங்கள். களிம்பு தடவாத நாளில் போட்டோ எடுத்து வையுங்கள், ஏனென்றால் மருத்துவரிடம் போகிற அன்றைக்குத்தான் எல்லாம் அடங்கியிருக்கும்.

நேர்கோடு:

எங்கள் மாமாவுக்கும் இப்படித்தான் இருந்தது. மருந்துக்கடையில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த களிம்பு ஒன்று கிடைக்கும். இரண்டே நாளில் கேட்டது. பயப்படாமல் தடவிப் பாருங்கள், இதற்கெல்லாம் அலைய வேண்டாம்.

மருந்துச்சீட்டு:

நேர்கோடு, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் நான் மருந்தாளுநர் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது: அந்தக் கலவைக் களிம்பைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். ஸ்டீராய்டு எந்தத் தடிப்பையும் இரண்டு நாளில் அமுக்கிவிடும். சிவப்பு போய்விடும், அரிப்பு குறையும், நோய் அப்படியே உள்ளே இருக்கும். படர்தாமரையின் மேல் ஸ்டீராய்டு பட்டால் அதன் வட்ட ஓரம் அழிந்து, எந்த நோய் என்றே தெரியாத உருவத்தில் பரவுகிறது. சிரங்கின் (ஸ்கேபீஸ், தோலுக்குள் நுண்பூச்சி புகுந்து வருவது) மேல் பட்டால் அரிப்பு குறைகிற நேரத்தில் பூச்சி பெருகுகிறது. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, லேசாக உரசினாலே ரத்தம் கட்டுகிற நிலை வந்துவிடும். வயதானவர்களுக்கு அது இன்னும் சீக்கிரம் வரும்.

ஸ்டீராய்டே கெட்டது என்று சொல்ல வரவில்லை. இன்ன நோய் என்று தெரிந்த பிறகு, இந்த அளவு, இத்தனை நாள் என்று கொடுத்தால் அதைவிட நல்ல மருந்து இல்லை. வானம்பாடி, மூன்றாமவர் கொடுத்த களிம்பின் டியூபில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

வானம்பாடி:

பார்த்தேன். அதிலும் மூன்று மருந்து கலந்துதான் இருக்கிறது. நான்கு மாதமாக விட்டு விட்டுத் தடவியிருக்கிறோம்.

சிஸ்டர், நீங்கள் சொன்னபடி நேற்று அப்பாவை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்துப் பார்த்தேன். முதுகின் இரண்டு பக்கமும் கீறல், கறுத்த தழும்பு. நடு முதுகில், தோள்பட்டை எலும்புகளுக்கு இடையில், ஒன்றுமே இல்லை. வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்த மாதிரி ஓர் இடம் மட்டும் மழமழவென்று சுத்தமாக இருக்கிறது. விரல் நகங்கள் பாலிஷ் போட்ட மாதிரி பளபளக்கின்றன. அம்மாவுக்கோ எனக்கோ அரிப்பு இல்லை. விரல் இடுக்கில் எதுவும் தெரியவில்லை. வாயில் புண் இல்லை.

வார்டு சிஸ்டர்:

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். அந்த வண்ணத்துப்பூச்சி இடம் அவர் கை எட்டாத இடம். நகம் பளபளப்பது சொறிந்து சொறிந்து தேய்ந்ததால். அப்படியென்றால் முதுகில் தெரிவதில் பெரும்பகுதி சொறிந்ததால் வந்த காயம், அது நோயின் முகம் இல்லை. முன்பு பார்த்தவர்கள் அந்தக் கீறலைப் பார்த்தே மருந்து எழுதியிருக்கலாம். கை படாத புதுத் தடிப்பு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். வயிறு, தொடையின் உட்பக்கம் என்று முதலில் சொன்னீர்களே, அங்கே பாருங்கள். மாநிறத் தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. பழுப்பாகவோ ஊதா சாயலாகவோதான் தெரியும். அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் விரலால் தடவிப் பாருங்கள்.

ஒரு வேலை செய்யுங்கள். புதிதாக எழும்பிய தடிப்பைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் நேரம் எழுதி வையுங்கள். சாதாரணக் காணாக்கடி என்றால் ஒரு தடிப்பு 24 மணி நேரத்துக்குள் அந்த இடத்தைவிட்டுப் போய்விடும், வேறு இடத்தில் புதிது கிளம்பும். மறுநாளும் அதே வட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தால் அது காணாக்கடி இல்லை.

தென்றல்:

வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு இல்லை என்பதை வைத்துச் சிரங்கை ஒதுக்கிவிடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் ஏமாந்தோம். என் மாமியாருக்கு 81 வயது. நான்கு மாதம் அலர்ஜி மாத்திரை சாப்பிட்டார். முதல் தடவை தொற்றும்போது அரிப்பு தொடங்கவே நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகுமாம். அதற்குள் அவரைக் குளிப்பாட்டிய என் நாத்தனாருக்கும் தொற்றியிருந்தது, அவருக்கு இன்னும் அரிக்கத் தொடங்கவில்லை, அவ்வளவுதான். சாதாரணமாக ஓர் ஆளின் உடம்பு முழுவதிலும் 10, 15 பூச்சிதான் இருக்குமாம், அதனால் தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது. கடைசியில் ஒரு தோல் மருத்துவர் டெர்மாஸ்கோப் என்கிற உருப்பெருக்கிக் கருவி வைத்து உள்ளங்கை ஓரத்தில் ஒரு வளைந்த கோட்டையும் அதன் நுனியில் ஒரு குட்டி முக்கோணத்தையும் காட்டினார். அதுதான் பூச்சி.

பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, அவர் வயதுக்குத் தலை, காது மடலுக்குப் பின்புறம், நகத்துக்கு அடியில் எல்லாம் தடவி, ராத்திரி முழுக்க விட்டுக் காலையில் குளிக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும். அரிக்கிறதோ இல்லையோ, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் தடவ வேண்டும். துணி, போர்வையெல்லாம் வெந்நீரில். மருந்து போட்ட பிறகும் மூன்று வாரம் அரித்தது. மருந்து கேட்கவில்லை என்று நாங்கள் அலறிவிட்டோம். செத்த பூச்சியின் மிச்சத்துக்குத் தோல் கொடுக்கும் எதிர்வினை அது என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் அமைதியானோம்.

மருந்துச்சீட்டு:

தென்றல் சொல்வது முக்கியம். வயதானவர்களுக்குச் சிரங்கு எப்போதும் விரல் இடுக்கில்தான் தொடங்கும் என்றில்லை. எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைத் தேடச் சொல்லுங்கள்.

இப்போது என் பங்கு. ஒரு வெள்ளைத்தாளைக் குறுக்காக வைத்து ஒரு கோடு போடுங்கள். கோட்டின் மேல் மாதங்கள். கோட்டுக்குக் கீழே ஒவ்வொரு மாத்திரையும் தொடங்கிய நாள், அளவு கூட்டிய நாள், நிறுத்திய நாள். அரிப்பு எப்போது தொடங்கியது என்பதைச் சிவப்பு மையில் குறியுங்கள். சும்மா "இந்த மாத்திரைகள் சாப்பிடுகிறார்" என்ற பட்டியலால் பயனில்லை, நாள் வேண்டும்.

ஏன் என்றால், சாதாரண மருந்து ஒவ்வாமைத் தடிப்பு புது மருந்து தொடங்கிய 4லிருந்து 14 நாளுக்குள் வரும். அதைக் கண்டுபிடிப்பது எளிது. முதியவர்களிடம் தொந்தரவு கொடுப்பது மெதுவாக வருகிற வகை. அம்லோடிபின் போன்ற கால்சியம் தடுப்பான்கள், தயசைடு நீர்மாத்திரைகள், இவற்றால் கரப்பான் (எக்ஸிமா) மாதிரியான தடிப்பு மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் கழித்துக்கூட வரலாம். "இதை ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறாரே" என்று எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். சர்க்கரைக்கான கிளிப்டின் வகை மாத்திரைகளுக்கும் பெம்பிகாய்டு என்கிற, கொப்புளம் வரும் தோல் நோய்க்கும் தொடர்பு இருப்பது நன்றாக நிறுவப்பட்டிருக்கிறது, வில்டாகிளிப்டினுக்குக் கூடுதலாக. அதுவும் மாதங்கள் கழித்து வரும்.

எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை எகிறினால், பி.பி. ஏறினால், அது இந்த அரிப்பைவிடப் பெரிய ஆபத்து. தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.

கல்தூண்:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு அரிப்பு மட்டும் இருக்கிறது, தோலில் தடிப்பே இல்லை. 70 வயது. இதுவும் இதே மாதிரிதானா?

வார்டு சிஸ்டர்:

அது வேறு கதவு. தடிப்பே இல்லாமல் அரித்தால் முதலில் வறட்சி, அடுத்து உடம்பின் உள்ளே. சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரும்புச்சத்து, ரத்த அணுக்களின் எண்ணிக்கை, இந்த ரத்தப் பரிசோதனைகளைக் கேளுங்கள். அரிப்போடு எடை குறைவு, ராத்திரி வியர்வை, கழுத்திலோ அக்குளிலோ கட்டி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். வறட்சிக்கு, குளித்த மூன்று நிமிடத்துக்குள், ஈரம் முழுசாகக் காயும் முன்பே, வாசனை சேர்க்காத கெட்டியான மாய்ஸ்சரைசர். சோப்பு மடிப்புகளுக்கு மட்டும் போதும். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டாம், அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும், அரை மணியில் இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

எல்லோருக்கும் இன்னொன்று. தூக்கம் வரவைக்கிற பழைய அலர்ஜி மாத்திரைகளை முதியவர்களுக்குக் கொடுக்காதீர்கள். குளோர்பெனிரமின், ஹைட்ராக்ஸிசின் எல்லாம் அந்த வகை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியலில் இவை தவிர்க்கவேண்டியவை. குழப்பம், சிறுநீர் அடைப்பு, அப்புறம் ராத்திரி எழுந்திருக்கும்போது தடுமாறி விழுவது. அரிப்புக்காகச் சேர்க்கவந்த ஒரு பெரியவரை இடுப்பு எலும்பு முறிவோடு அடுத்த வார்டுக்கு மாற்றியதை நான் இன்னும் மறக்கவில்லை.

வானம்பாடி:

வட்டம் போட்டேன். வயிற்றில் இரண்டு, தொடையில் ஒன்று. சனிக்கிழமை காலை 9 மணி என்று பக்கத்தில் எழுதினேன். ஞாயிறு 9 மணிக்கும் மூன்றும் வட்டத்துக்குள்ளேயே இருந்தன. திங்கள்கிழமை ஒன்று வட்டத்தைத் தாண்டி வளைவாகப் படர்ந்துவிட்டது. விரலால் தடவினால் ஓரம் தடித்து, நடுவில் தணிந்து, வளையம் மாதிரி இருக்கிறது. கொப்புளம் எதுவும் இல்லை.

தாளும் எழுதினேன். பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடியெடுக்க ஒரு நாள் முழுக்க ஆயிற்று. அம்லோடிபின் ஐந்து வருடமாக. மெட்ஃபார்மின் ஒன்பது வருடமாக. வில்டாகிளிப்டின் சேர்த்தது பத்து மாதத்துக்கு முன்னால். அரிப்பு தொடங்கியது ஏழு மாதத்துக்கு முன்னால். அந்தச் சிவப்புக் கோட்டைப் போட்டபோது கை நடுங்கியது. மூன்று பேரிடம் போனோம், மூன்று பேரும் "என்ன மாத்திரை?" என்று கேட்டார்கள். "எப்போதிலிருந்து?" என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மருந்துச்சீட்டு:

உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். தேதிகள் ஒத்துப்போவதால் மட்டும் அதுதான் காரணம் என்று முடிவுகட்டவும் வேண்டாம். ஆனால் இப்போது ஒரு தோல் மருத்துவரிடம் போய் "பயாப்ஸி எடுக்கலாமா?" (சோதனைக்குத் தோலில் சிறு துண்டு எடுப்பது) என்று கேட்கப் போதுமான காரணம் உங்கள் கையில் இருக்கிறது.

வார்டு சிஸ்டர்:

ஆமாம். கொப்புளம் இல்லையென்று பெம்பிகாய்டை விட்டுவிடக் கூடாது. அதில் கொப்புளம் வருவதற்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் முன்பே வெறும் அரிப்பும் காணாக்கடி மாதிரித் தடிப்பும் கரப்பான் மாதிரித் திட்டுகளும் இருக்கும். சிலருக்குக் கொப்புளம் கடைசிவரை வராமலே போகும். 70 வயதுக்கு மேல் அதிகம்.

பயாப்ஸி என்றால் பயப்பட ஒன்றுமில்லை. மரத்துப்போக ஓர் ஊசி, 4 மில்லிமீட்டர் அகலத்தில் பேனா மூடி மாதிரி ஒரு கருவி, ஒரு தையல். ஆனால் இரண்டு துண்டு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒன்று தடிப்பிலிருந்து, சாதாரண நுண்ணோக்கிப் பார்வைக்கு, அது ஃபார்மலினில் போகும். இன்னொன்று தடிப்பை ஒட்டிய தோலிலிருந்து, தோலில் படிந்த எதிரணுக்களை ஒளிரவைத்துக் காட்டுகிற இம்யூனோஃப்ளோரசன்ஸ் சோதனைக்கு. அதை ஃபார்மலினில் போட்டுவிட்டால் வீணாகிவிடும், அதற்கென்று தனித் திரவம் இருக்கிறது. ஒரே டப்பாவில் இரண்டையும் போட்டு அனுப்பி, மறுபடியும் நோயாளியைக் கூப்பிட்டு எடுத்த சம்பவம் எங்கள் வார்டிலேயே நடந்திருக்கிறது. ரத்தத்தில், பிபி180 என்கிற தோல் புரதத்துக்கு எதிரான எதிரணு இருக்கிறதா என்று பார்க்கிற சோதனையும் உண்டு.

களிம்பை எத்தனை நாள் முன்னதாக நிறுத்துவது என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். காத்திருக்கிற நாட்களில் காய்ச்சல், முகம் வீங்குதல், வாயிலோ கண்ணிலோ புண், தோல் வலித்து உரிதல், உடம்பு முழுக்கச் சிவந்துபோதல், இதில் எது வந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

ஊஞ்சல்:

ஒரு பயாப்ஸியில் ஒன்றும் தெரியவில்லை என்றால் மனம் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன். என் பெரியப்பாவுக்கு இடுப்பிலும் பிட்டத்திலும் வெயில் படாத இடங்களில் மெல்லிய செதில் திட்டுகள். வலி இல்லை, அரிப்புகூடக் கொஞ்சம்தான். ஆறு வருடம் கரப்பான் என்றே வைத்தியம் நடந்தது. முதல் இரண்டு பயாப்ஸியிலும் "நாள்பட்ட அழற்சி" என்று மட்டும் வந்தது. மூன்றாவதில்தான் மைக்கோசிஸ் ஃபங்காய்ட்ஸ் என்று தெரிந்தது. பெயர் காளானைச் சொன்னாலும் அது தோலில் வருகிற ஒரு வகை லிம்போமா, அதாவது வெள்ளணுப் புற்றுநோய். 1806-இல் இந்த நோயை முதலில் விவரித்த அலிபெர் என்ற பிரெஞ்சு மருத்துவர், கட்டிகள் காளான் மாதிரி இருந்ததைப் பார்த்துப் பின்னால் வைத்த பெயராம். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் வீடே இடிந்துபோனது. ஆனால் ஆரம்ப நிலை என்பதால் புற ஊதா ஒளிச் சிகிச்சை மட்டும் கொடுத்தார்கள். நான்கு வருடம் ஆகிறது, நடமாட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

தடிப்பு மாறவில்லை என்றால், அல்லது உருவம் மாறினால், மறுபடியும் பயாப்ஸி கேளுங்கள். பழைய ரிப்போர்ட்டை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது.

வானம்பாடி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். புதிய தோல் மருத்துவர் தாளை வாங்கி மேசையில் விரித்து இரண்டு நிமிடம் பேசாமல் பார்த்தார். பிறகு பேனா வட்டங்களின் போட்டோவைக் கேட்டார். டெர்மாஸ்கோப்பில் சிரங்கைத் தேடினார், இல்லை. பூஞ்சைக்குச் சுரண்டிப் பார்த்தார், இல்லை. அன்றைக்கே இரண்டு துண்டு எடுத்துவிட்டார்.

ரிப்போர்ட் வந்துவிட்டது. இம்யூனோஃப்ளோரசன்ஸில் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவில் ஐஜிஜி என்கிற எதிரணுவும் சி3 என்கிற எதிர்ப்புப் புரதமும் நேர்கோடாக ஒளிர்கின்றன. படத்தைக் காட்டினார். கறுப்புப் பின்னணியில் பச்சை நூல் ஒன்றை இழுத்துக் கட்டின மாதிரி இருந்தது. ஏழு மாதமாக நாங்கள் தேடியது அந்த நூல்தான். புல்லஸ் பெம்பிகாய்டு, கொப்புளத்துக்கு முந்தைய நிலை. இரண்டு தோல் அடுக்குகளையும் பிணைக்கிற புரதங்களை உடம்பின் எதிரணுக்களே தாக்குகின்றனவாம்.

சர்க்கரை மருத்துவரிடம் அவரே பேசி வில்டாகிளிப்டினை மாற்றவைத்தார். கிளிப்டின் வகையில் வேறு எதுவும் வேண்டாம் என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார். தடவுவதற்கு குளோபெட்டசால் என்கிற வீரியமான ஸ்டீராய்டு களிம்பு.

நெட்டில் தேடிப் பார்த்து ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. உயிருக்கே ஆபத்து என்று போட்டிருக்கிறது.

வார்டு சிஸ்டர்:

நீங்கள் படித்தது பெம்பிகஸ் என்கிற வேறொரு கொப்புள நோயைப் பற்றியாக இருக்கும். பெயர் ஒன்றுபோல இருப்பதால் பலருக்கு இந்தக் குழப்பம் வருகிறது. மருத்துவர்களே ஒரு காலத்தில் இரண்டையும் ஒன்றாகத்தான் வைத்திருந்தார்கள். 1953-இல் வால்டர் லீவர் என்பவர்தான் இவை இரண்டு தனி நோய்கள் என்று பிரித்தார். பெம்பிகஸில் தோல் இன்னும் மேலே பிரியும், வாய்ப்புண் அதிகம். பெம்பிகாய்டும் லேசான நோய் இல்லை, வயதானவர்களுக்கு வருவதால் தொற்றும் மருந்துகளின் பக்கவிளைவும் கவனிக்க வேண்டியவை. ஆனால் கொப்புளம் வரும் முன்பே பிடித்துவிட்டீர்கள்.

மருந்துச்சீட்டு:

மாத்திரையாக ஸ்டீராய்டு கொடுக்காமல் களிம்பில் தொடங்கியது சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது, அதுவும் சர்க்கரை இருக்கிறவருக்கு. களிம்பும் உடம்பு முழுக்கத் தடவினால் கொஞ்சம் உள்ளே போகும், அதனால் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். தடவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். போதவில்லை என்றால் டாக்ஸிசைக்ளின் என்கிற ஆன்டிபயாடிக் பற்றிப் பேசுவார்கள். 2017-இல் வெளிவந்த பிரிட்டன், ஜெர்மனி ஆய்வில் ஆறு வாரத்தில் கொப்புளம் அடங்கியது டாக்ஸிசைக்ளினில் 74 சதவீதம் பேருக்கு, பிரெட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரையில் 91 சதவீதம் பேருக்கு. ஆனால் ஒரு வருடத்துக்குள் கடுமையான பக்கவிளைவு டாக்ஸிசைக்ளினில் 18, பிரெட்னிசலோனில் 36 சதவீதம். எது வேண்டும் என்பது ஆளைப் பொறுத்தது.

தென்றல்:

அப்பா தூங்குகிறாரா? அதை முதலில் சொல்லுங்கள்.

வானம்பாடி:

தூங்குகிறார்! களிம்பு தொடங்கி ஒன்பதாவது நாள் ராத்திரி சத்தம் கேட்கவில்லை. அதற்கே பயந்துபோய் எழுந்து போய்ப் பார்த்தேன். கை இரண்டும் போர்வைக்கு வெளியே, விரல் மடங்காமல், அப்படியே தூங்கிக்கொண்டிருந்தார். கதவருகில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

இப்போது பதினோராவது வாரம். மருந்தின் அளவைக் குறைத்துக்கொண்டு வருகிறோம். போன வாரம் கணுக்காலில் ஒரே ஒரு கொப்புளம் வந்தது, பட்டாணி அளவு, தெளிந்த நீர். மேல்தோலை வெட்டி எடுக்காமல் சுத்தமான ஊசியால் நீரை மட்டும் மருத்துவரே வடித்துவிட்டார். சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்குகிறது, குறித்து வைக்கிறேன். நடு முதுகைத் தவிர மற்ற இடமெல்லாம் கறுத்த தழும்புதான், அது மங்க மாதக்கணக்காகும் என்றார்.

கல்தூண், உங்கள் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை என்ன சொன்னது?

கல்தூண்:

இரும்புச்சத்து மிகவும் குறைவு, தைராய்டு சரியாக இருக்கிறது. இரும்பு ஏன் குறைந்தது என்று குடல் மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறார்கள். திங்கள்கிழமை போகிறோம். மாத்திரைத் தாள் எழுதிவிட்டேன், தேதியோடு.